47 வயதில் வேகம் குறைந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெண், வயது 47. முப்பதைத் தாண்டியதிலிருந்து கோவை ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓடி வருகிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2 மணி 5 நிமிடத்தில் முடித்த அரை மாரத்தானுக்கு (சுமார் 21 கிலோமீட்டர்) இப்போது 2 மணி 20 நிமிடம் ஆகிறது. கெண்டைக்காலில் அடிக்கடி பிடிப்பு. முட்டியில் வலி இல்லை. ஆனாலும் வீட்டில், “இந்த வயதுக்கு மேல் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும், நடந்தால் போதாதா” என்கிறார்கள். 70 வயதிலும் ஓட முடியுமா, இப்போதே நடைக்கு மாறிவிடுவதா என்று கேட்கிறீர்கள். கேள்வி முட்டியில் தொடங்கினாலும், “ஓடாத நான் எப்படி இருப்பேன் என்றே தெரியவில்லை” என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் இயன்முறை மருத்துவர். சென்னையில் ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்ப்பதுதான் என் தொழிலில் பெரும்பகுதி. கல்லூரி நாள்களிலிருந்து நானும் ஓடுகிறேன். அறுபதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். இங்கே சொல்வது உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவும். அவர் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு ஈடாகாது.

முதலில் முட்டி. உங்கள் வீட்டார் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது ஸ்கூட்டர் டயர்: ஓட ஓடத் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். குருத்தெலும்பு அப்படி வேலை செய்வதில்லை. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டில் சுமை ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் நீர் பிழியப்பட்டு வெளியே போய்த் திரும்ப வருகிறது. அந்தப் போக்குவரத்தில்தான் அதற்கு உணவு கிடைக்கிறது. ஓடி முடித்தவுடன் எம்.ஆர்.ஐ. எடுத்தால் குருத்தெலும்பு சற்று மெலிந்து தெரியும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984-இல் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் எடுத்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-இல் முடிவுகள் வந்தன. ஓடியவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இல்லை. குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடச் செயல்களில் தடுமாற்றம் அவர்களுக்குப் பல ஆண்டுகள் தாமதித்தே வந்தது. 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகவே பயிற்சி எடுக்கும் உயர்மட்ட வீரர்களிடம் மட்டும் அது 13.3 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் கூடாது. முட்டி கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவதால், ஓடிக்கொண்டிருப்பவர்களை மட்டும் எண்ணினால் நல்ல முட்டிகளே மிஞ்சும். அந்தக் கோணல் இத்தகைய ஆய்வுகளில் கொஞ்சமாவது இருக்கும். ஏற்கெனவே ஜவ்வு கிழிந்தவர், அறுவைச் சிகிச்சை செய்தவர், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர் ஆகியோருக்கு ‘ஓடினால் ஒன்றும் ஆகாது’ என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உங்களுக்கு முட்டி வலியும் இல்லை, பழைய காயமும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் முட்டிக்குப் பயந்து ஓட்டத்தை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது: இரண்டே ஆண்டுகளில் பதினைந்து நிமிடம். 125 நிமிடம் 140 ஆகியிருக்கிறது. கிட்டத்தட்ட 12 சதவீதம். பயிற்சியை விடாதவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதுகளில் வேகம் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கும். எழுபதுக்குப் பிறகுதான் சரிவு செங்குத்தாகும். அந்தக் கணக்கில் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடியிருக்க வேண்டும், பதினைந்து அல்ல.

ஜோன் பெனாய்ட் சாமுவேல்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல், 21 வயதில், பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிடம் 15 நொடியில் வென்றவர். 1984-இல் முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 17 நாள்களில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் வென்று, அந்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் தங்கத்தையும் வாங்கினார். 2019-இல், 61 வயதில், அதே பாஸ்டனுக்குத் திரும்பினார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தன் நேரத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் முடிப்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 3 மணி 4 நிமிடத்தில் முடித்தார். 1979-ஐ வைத்துப் பார்த்தால் நாற்பது ஆண்டுகளில் 18.5 சதவீதச் சரிவு. அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம் 1985-இல் சிகாகோவில் ஓடிய 2:21:21. அதை வைத்துக் கணக்கிட்டாலும் 34 ஆண்டுகளில் 30 சதவீதம்தான். அவர் அபூர்வப் பிறவி, நம்மை அவரோடு வைத்துப் பார்க்க முடியாது என்பது சரிதான். ஆனால் வயது என்பது மெதுவாக வேலை செய்யும் விஷயம் என்பதை அவர் கால்கள் காட்டுகின்றன. இரண்டு ஆண்டுகளில் 12 சதவீதம் பறிபோனால் நான் வயதைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு காரணத்தைத் தேடுவேன்.

எங்கே தேடுவது? என் அனுபவத்தில் உங்கள் வயதுப் பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு மிகுதியாகும். இழப்பு அப்போது இன்னும் கூடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும், ஆனால் உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து, “எல்லாம் சரியாக இருக்கிறது, வயதாகிறது அல்லவா” என்று சொல்லி அனுப்பப்பட்ட ஓட்டக்காரப் பெண்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆகவே ஃபெரிட்டினைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூடவே தைராய்டு, வைட்டமின் டி, சைவ உணவுக்காரராக இருந்தால் பி12. முடிவு வருவதற்கு முன் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்; தேவையில்லாத உடலில் இரும்பு சேர்வதும் கெடுதல். ஒன்று மட்டும் இன்றே செய்யலாம்: சாப்பாட்டோடும் சாப்பிட்டவுடனும் காபி, டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அவை இரும்பு சேர்வதைக் கணிசமாகத் தடுக்கின்றன.

அடுத்தது மாதவிடாய் நிற்கும் காலமே. ஈஸ்ட்ரோஜன் இறங்கும் சில ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது, தசையும் கரைகிறது, தூக்கம் கெடுகிறது. இது உறுதி. இந்த மாற்றத்தைக் கடக்கும் நெடுந்தூர ஓட்டக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் உகந்தது என்று கேட்டால், உறுதியான விடை மருத்துவ உலகத்திடமே இல்லை. காரணம் எளியது. பாஸ்டனில் பெண்களை அதிகாரபூர்வமாக ஓடவிட்டதே 1972-இல்தான், ஒலிம்பிக்கில் 1984-இல். இளமையிலிருந்தே விடாமல் ஓடிய பெண்களின் முதல் தலைமுறை இப்போதுதான் முதுமைக்கு வந்திருக்கிறது. விளையாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களையே சேர்த்து வந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெளிவான வழிகாட்டி கிடைக்கவில்லை என்றால், குறை உங்கள் தேடலில் இல்லை.

இருந்தாலும், ஓட்டம் மட்டும் போதாது என்பது தெளிவாகத் தெரிகிறது. எலும்புக்குத் திடீர்ச் சுமை வேண்டும், தசைக்குக் கனமான எடை வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத அளவு எடையோடு உட்கார்ந்து எழுவதும், தரையிலிருந்து எடையைத் தூக்குவதும் உங்கள் பயிற்சியில் சேர வேண்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் சிக்கல் இல்லை என்றால் சிறுவயதில் பாண்டி ஆடியதுபோல நொண்டி அடிப்பதும், கயிறு தாண்டுவதும் மிக நல்லவை. உணவில் புரதம் போதுமா என்று பாருங்கள். ஓடி வந்து இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவது நம் வழக்கம். ஐம்பதை நெருங்கும் தசைக்கு அது போதாது. முட்டை, சுண்டல், பருப்பு, பனீர், தயிர் என்று எதையாவது ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள்.

இப்போது கெண்டைக்கால். நீங்கள் இதை ஒரு சிறு தொந்தரவாக எழுதியிருக்கிறீர்கள். நான் இதைத்தான் மிகக் கவனமாகப் பார்ப்பேன். இளம் ஓட்டக்காரர்கள் என்னிடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கெண்டைக்காலையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாணையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆய்வுகளும் இதே போக்கைத்தான் காட்டுகின்றன. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் குதிகால் நாண் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான சுமையைத் தாங்குகிறது. வயதாக ஆக நம் காலடியின் நீளம் குறுகுவதற்கு முக்கியக் காரணம் கணுக்காலின் உந்துவிசை குறைவதுதான். மூச்சும் தசையும் சில வாரப் பயிற்சியில் தேறிவிடும். நாண் தேற மாதங்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் காயம் நேர்கிறது. மூச்சு ‘போகலாம்’ என்கிறது, நாண் இன்னும் தயாராகவில்லை.

இதைச் சோதிக்க ஒரு மாடிப்படி போதும். கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியின் விளிம்பில் இருக்க, ஒற்றைக் காலில் நில்லுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் குதிகாலை முழு உயரத்துக்கு ஏற்றி, அதே நிதானத்தில் படிக்குக் கீழே இறக்குங்கள். இருபதைத் தொடுவதற்குள் உயரம் குறைந்தாலோ, உடல் முன்னால் சாய்ந்து உதவிக்கு வந்தாலோ, ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, உங்கள் பிடிப்புக்குக் காரணம் அங்கேயே இருக்கக்கூடும். மருந்தும் அதே பயிற்சிதான். ஒருநாள் விட்டு ஒருநாள், முட்டியை நீட்டி ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசைக்கு அதில்தான் வேலை. எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதமாவது செய்யுங்கள். செய்யும்போது வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்; மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது அடங்க வேண்டும். கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளைக் கவனியுங்கள். அந்த விறைப்பு நாளுக்கு நாள் கூடினால் தூரத்தைக் குறைத்தாக வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள் இங்கேயே சொல்ல வேண்டும். யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல ‘பட்’ என்று வலித்தால் அன்றே காட்டுங்கள். ஓடாதபோதும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் ரத்தக் கட்டியாக இருக்கலாம். தடவிவிடாதீர்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் குதிகால் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இங்கே அவற்றைத் தாராளமாக எழுதித் தருகிறார்கள். நீங்கள் ஓடுகிறவர் என்று மருத்துவரிடம் சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

பயிற்சி முறைக்கு வருவோம். நீங்கள் வாரத்தில் ஐந்து நாளும் ஒரே வேகத்தில், கொஞ்சம் மூச்சு வாங்கும்படி ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது வயதில் அது தாங்கும். இனி மெதுவான நாளை உண்மையிலேயே மெதுவாக்குங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும். வேகமான ஓட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டால் போதும், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். வேகத் தசை நார்கள்தான் வயதில் முதலில் போகின்றன. கனடாவின் எட் விட்லாக் வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார், பிறகு அடிக்கடி போட்டிகளில் வேகமாக ஓடுவார். இளமையில் ஓடி, பல ஆண்டுகள் விட்டு, நாற்பதுகளில் திரும்பியவர். 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் முடித்தார். 85 வயதில், 2016-இல், 3 மணி 56 நிமிடத்தில். அவருடைய மூன்று மணி நேரப் பயிற்சியை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அந்த உடல் வேறு. மெதுவாக ஓடுவதால் வேகம் செத்துவிடாது என்பதற்காக மட்டும் அவரைச் சொல்கிறேன்.

ஒருநாள் விட்டாலும் குற்ற உணர்வு வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 1970-இல் பாஸ்டனை வென்ற பிரிட்டனின் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒருநாள்கூட விடாமல், குறைந்தது ஒரு மைலாவது ஓடியவர். 52 ஆண்டுகள், 39 நாள்கள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் என்னிடம் வருபவர் யாருக்கும் அதைப் பரிந்துரைத்ததில்லை. எழுபது வரை ஓட வேண்டும் என்றால், இந்த வாரம் இரண்டு நாள் ஓய்வு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட மாட்டேன். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு பிற இனத்தவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஓட்டம் அந்த அபாயத்தைக் குறைக்கிறது, அடியோடு நீக்குவதில்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரை ஓட வைத்த ஜிம் ஃபிக்ஸ் 1984-இல் 52 வயதில் ஓட்டத்தின்போதே இறந்தார். அவருடைய தந்தைக்கு முதல் மாரடைப்பு வந்தது 35 வயதில், மாரடைப்பால் இறந்தது 43 வயதில். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதய நோய் இருந்தால் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மிக அதிகத் தூரத்தைப் பல பத்தாண்டுகள் ஓடுகிறவர்களுக்குச் சீரற்ற துடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியாளர்களிடம், அதிலும் ஆண்களிடம், அப்படி ஒரு போக்கு தென்பட்டது. உங்களுடைய வாரம் 35 கிலோமீட்டருக்கு அந்தக் கவலை பொருந்தாது என்பது என் கருத்து.

எழுபது வயதில் ஓட முடியுமா? முடியும். பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் முதல் மாரத்தானை லண்டனில் 2000-இல் ஓடியபோது அவருக்கு 89 என்று கணக்கு. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அவருடைய சாதனைகளை ஏற்கவில்லை, ஆகவே வயதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2011-இல் டொரண்டோவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருந்து அந்த முதியவர் மாரத்தானை முடித்தார் என்பதில் சந்தேகமில்லை. அவரும் சாமுவேல்சனும் செய்தது ஒன்றுதான்: பழைய நேரத்தைத் துரத்தாமல், அந்த வயதுக்கென்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டார்கள். நீங்களும் ரத்தப் பரிசோதனை முடிந்து, மூன்று மாதப் படிப் பயிற்சியும் முடித்த பிறகு, 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றில் ஓடி, அந்த நேரத்தைப் புதுக் கணக்கின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 2 மணி 5 நிமிடம் திரும்ப வரலாம். காரணம் இரும்புச்சத்தாக இருந்தால் வரும் என்றே எதிர்பார்க்கிறேன்.

நடையைப் பொறுத்தவரை, அதை ஓட்டத்தின் எதிரியாக வைக்காதீர்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்த முறை ஒன்று உண்டு: சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். களைத்த பிறகு நடப்பதல்ல. முதல் கிலோமீட்டரிலிருந்தே கணக்காக நடப்பது. கெண்டைக்காலுக்கு அது பெரிய ஆறுதல். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் நீண்ட ஓட்டங்களை நான் இப்போது அப்படித்தான் ஓடுகிறேன், என்னோடு வரும் இளைஞர்களும் பழகிவிட்டார்கள். ஃபெரிட்டின் அறிக்கை வந்ததும், படியில் எந்தக் கால் எத்தனை ஏறியது என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.